விளக்கு எரிகிறது, படம் ஏன் ஓடவில்லை?

நீண்டகாலம் மின்சாரமின்றிக் கிடந்த டிஜிட்டல் சினிமா புரொஜெக்டரை மீண்டும் எழுப்புவது எப்படி? பழுது கண்டறியும் கலையைக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது.

ஒரு திரையரங்கு பல மாதங்களாக மூடிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த, புரொஜெக்டர் அறையின் முதன்மைச் சுவிட்சையும் அணைத்துவிட்டார்கள். மீண்டும் திறக்கும் நாள் வருகிறது. இயந்திரத்தை இயக்கினால் மின்விசிறிகள் சுழல்கின்றன, விளக்கு எரிகிறது, திரையில் வெளிச்சம் விழுகிறது. ஆனால் படம் மட்டும் ஓட மறுக்கிறது.

இயந்திரத்தில் எதுவும் உடையவில்லை. எதுவும் கருகவில்லை. உள்ளே இருந்த ஒரு சிறிய மின்கலம் தீர்ந்துபோனது, அவ்வளவுதான். ஆனால் அந்த மின்கலத்தோடு சேர்ந்து இயந்திரத்தின் அடையாளமும் அழிந்துவிட்டது. சில நூறு வெள்ளி மின்கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய், விலையுயர்ந்த ஒரு கருவி முடங்கிக் கிடக்கிறது.

பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் புரொஜெக்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. எண்ணெய் போட்டு மூடி வைத்தால், பல ஆண்டுகள் கழித்தும் துடைத்து இயக்கிவிடலாம். டிஜிட்டல் இயந்திரம் அப்படியல்ல. அணைத்து வைத்திருக்கும்போதும் அதன் ஒரு பகுதி விழித்திருக்க வேண்டும்.

மூடிய அரங்குகள் கற்றுத்தந்தது

கொவிட்-19 கிருமிப்பரவலின்போது இந்தக் கவலை உலகெங்கும் திரையரங்குகளுக்கு வந்தது. சிங்கப்பூரில் 2020 மார்ச் 26ஆம் தேதி இரவு முதல் மூடப்பட்ட அரங்குகள், ஜூலை 13ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. மலேசியாவில் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. ஜூலை மாதம் திறந்த அரங்குகளைப் பின்னர் மீண்டும் மூட வேண்டியிருந்தது.

அந்த மாதங்களில் கருவித் தயாரிப்பாளர்கள் சொன்ன அறிவுரை எளியது: காட்சி இல்லாவிட்டாலும் இயந்திரத்தை அவ்வப்போது இயக்குங்கள், மின்சாரத்தை நீண்டகாலம் அடியோடு துண்டித்து வைக்காதீர்கள்.

இன்று வேறு காரணத்தால் இந்தப் பேச்சு எழுகிறது. 2025ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ‘த புரொஜெக்டர்’ அரங்கும் கேத்தே சினிபிளெக்சஸ் நிறுவனமும் செயல்பாட்டை நிறுத்தின. பொதுவாக ஓர் அரங்கு மூடப்பட்டால், அதன் கருவிகள் கிடங்குக்குப் போகின்றன. பிறகு வேறோர் அரங்குக்கோ கலைக்குழுவுக்கோ கல்லூரிக்கோ கைமாறுகின்றன. வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது?” என்பதல்ல. “எவ்வளவு காலம் மின்சாரமில்லாமல் இருந்தது?” என்பதே.

பூட்டிய பெட்டியில் வரும் படம்

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, படம் எப்படி அரங்குக்கு வருகிறது என்று பார்க்க வேண்டும்.

2002ஆம் ஆண்டில் ஏழு ஹாலிவுட் நிறுவனங்கள் சேர்ந்து டிஜிட்டல் சினிமாவுக்கான பொது விதிகளை உருவாக்க ஓர் அமைப்பைத் தொடங்கின. அதன் முதல் விதித்தொகுப்பு 2005ஆம் ஆண்டு வெளியானது. படத்தின் தரம் எப்படி இருக்க வேண்டும் என்பதோடு, திருட்டைத் தடுப்பது எப்படி என்பதையும் அது வகுத்தது.

அந்த விதிகளின்படி, படக்காட்சிக்கு வினாடிக்கு அதிகபட்சம் 250 மெகாபிட் தரவு தேவைப்படலாம். இரண்டு மணி நேரப் படத்துக்கு, அதாவது 7,200 வினாடிகளுக்கு, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 225 கிகாபைட் வரும். இந்தத் தொகுப்பை ‘டிசிபி’ என்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் அல்லது இணையம் வழியாகவோ அது அரங்கின் சர்வருக்கு வந்து சேர்கிறது.

ஆனால் அது பூட்டப்பட்டு வருகிறது. 128 பிட் நீளமுள்ள ரகசிய எண்தான் சாவி. எத்தனை சாவிகள் சாத்தியம் என்று எழுதினால் 39 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாக முயன்று பார்த்துத் திறக்க எந்தக் கணினியாலும் முடியாது.

அந்தச் சாவி ‘கேடிஎம்’ எனப்படும் சிறிய கோப்பாகத் தனியே வருகிறது. அது ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்கென்றே செய்யப்பட்டது. பக்கத்து அரங்கின் இயந்திரத்தில் வேலை செய்யாது. இந்த நாள், இந்த மணி முதல் இந்த நாள், இந்த மணி வரை என்ற காலவரம்பும் அதற்கு உண்டு. தீபாவளிக்கு வெளியாகும் தமிழ்ப் படத்தின் பிரதி இரண்டு நாள் முன்பே அரங்குக்கு வந்திருந்தாலும், நேரம் வரும்வரை அதைத் திறக்க முடியாது.

தனிச்சாவியின் காவலாளி

ஓர் இயந்திரத்துக்கு மட்டும் பொருந்தும்படி சாவி செய்வது எப்படி?

அஞ்சல்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் அதில் கடிதம் போடலாம். திறந்து எடுக்க, உரியவரிடம் உள்ள சாவி வேண்டும். திரையரங்கின் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இப்படி இரண்டு சாவிகள் உண்டு. பொதுச்சாவியை விநியோகஸ்தர் வைத்திருப்பார். அதைக் கொண்டு அவர் பூட்டி அனுப்பும் கேடிஎம்மை, இயந்திரத்துக்குள் இருக்கும் தனிச்சாவியால் மட்டுமே திறக்க முடியும்.

அந்தத் தனிச்சாவி, ‘மீடியா பிளாக்’ என்ற மின்சுற்றுப் பலகைக்குள் பாதுகாக்கப்படுகிறது. யாராவது அதை உடைத்துப் பார்க்க முயன்றால், அடுத்த கணமே சாவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். திருடன் கைக்குக் கிடைப்பதைவிட யாருக்கும் கிடைக்காமல் போவது மேல் என்பதே அதன் தத்துவம்.

திருடன் எப்போது வருவான் என்று தெரியாது. அதனால் மின்சாரம் இல்லாத நேரத்திலும் காவல் தொடர வேண்டும். அந்தக் காவலுக்கும், சாவியைத் தாங்கும் நினைவகத்துக்கும், உள்ளே ஓடும் கடிகாரத்துக்கும் ஒரு மின்கலம் சக்தி தருகிறது. இயந்திரம் மின்இணைப்பில் இருக்கும்வரை மின்கலத்துக்குப் பெரிய வேலை இல்லை. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அது மட்டுமே துணை.

மின்கலம் எவ்வளவு காலம் தாங்கும் என்பது மாதிரிக்கு மாதிரி, வயதுக்கு வயது வேறுபடும். தீர்ந்துவிட்டால் நினைவகம் வெறுமையாகும். தனிச்சாவி போய்விடும். பல மாதிரிகளில் பலகையைத் தயாரிப்பாளருக்கு அனுப்பிப் புதிய சாவி பெற வேண்டும், அல்லது புதிய பலகையே வாங்க வேண்டும். பழைய மாதிரியாக இருந்து, தயாரிப்பாளர் அதற்கான சேவையை நிறுத்தியிருந்தால், நன்றாக இயங்கும் புரொஜெக்டரிலும் பூட்டிய படம் எதையும் திரையிட முடியாது.

ஆறு நிமிடக் கணக்கு

மின்கலம் உயிரோடு இருந்தாலும் இன்னொரு சிக்கல் வரலாம். அது கடிகாரம்.

கேடிஎம்முக்குக் காலவரம்பு உண்டு என்று பார்த்தோம். கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பி வைத்தால், காலாவதியான சாவியையும் பயன்படுத்தலாம் அல்லவா? அதைத் தடுக்க ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: பாதுகாப்புக் கடிகாரத்தை ஓர் ஆண்டில் கூட்டியோ குறைத்தோ ஆறு நிமிடத்துக்கு மேல் திருத்த முடியாது.

ஆறு நிமிடம் என்றால் 360 வினாடி. ஆண்டுக்கு 365 நாள். அதாவது கடிகாரம் நாளுக்கு ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிசகினால் சமாளிக்கலாம். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, பிசகு அதைத் தாண்டிவிட்டால், அரங்கில் இருப்பவர் கையால் அதைச் சரிசெய்ய முடியாது. மின்இணைப்பிலும் வலையமைப்பிலும் இருக்கும் இயந்திரம் தன் கடிகாரத்தைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். கிடங்கில் கிடக்கும் இயந்திரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தக் கடிகாரம் யூடிசி நேரத்தில் ஓடுகிறது. சிங்கப்பூர், மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி முன்னால் இருக்கிறது. திரையில் தெரியும் நேரத்தைப் பார்த்து, “கடிகாரம் எட்டு மணி நேரம் பிந்திவிட்டது” என்று பதற்றப்படுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மின்சாரம் கொடுக்கும் முன்

சரி, கிடங்கிலிருந்து ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் எங்கிருந்து தொடங்குவார்?

சுவிட்சிலிருந்து அல்ல. முதலில் கண்ணும் மூக்கும்தான் வேலை செய்யும். மின்இணைப்பு கொடுக்காத நிலையில், கம்பிகளை எலி கடித்திருக்கிறதா, எறும்போ பல்லியோ குடியேறியிருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா, குளிரூட்டும் திரவம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார். காற்று வடிகட்டிகளில் தூசு அடைத்திருந்தால் மாற்றுவார்.

நம் வட்டாரத்தின் ஈரப்பதம் இன்னோர் எதிரி. குளிர்சாதனம் அணைக்கப்பட்ட அறையில் மாதக்கணக்கில் இருந்த லென்சில் பூஞ்சை படரலாம். இணைப்பு முனைகளில் துரு ஏறலாம். குளிர்ந்த இடத்தில் வைத்திருந்த கருவியைச் சூடான, ஈரமான காற்றுக்குள் கொண்டுவந்தால், குளிர்பானக் கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அதன் உள்ளேயும் நீர்த்துளிகள் படியும். அறையின் வெப்பநிலைக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருநாள் காத்திருப்பது, ஒரு பலகை எரிந்துபோவதைவிட மலிவு.

பிறகு குறிப்பேடு. மாதிரி எண், கடைசியாக இயங்கிய தேதி, மின்கலம் கடைசியாக மாற்றப்பட்ட தேதி ஆகியவற்றை எழுதிக்கொண்டு, கம்பிகள் இருக்கும் நிலையைப் படமெடுத்து வைப்பார். எதையாவது கழற்றிய பிறகு “இது எங்கே இருந்தது?” என்று தேடும் நிலை அப்போது வராது.

விளக்கை ஏற்றாமல் எழுப்புதல்

அடுத்து மின்சாரம். ஆனால் விளக்கு வேண்டாம். மின்னணுப் பகுதிகளை மட்டும் இயக்கி, ஆயத்த நிலையில் சில மணி நேரம் விட வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகளில் மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலம் ஒன்று மின்காப்பாகச் செயல்படுகிறது. மின்னழுத்தம் இல்லாமல் நீண்டகாலம், அதுவும் வெப்பத்தில், கிடந்தால் அந்தப் படலம் பலவீனமடையும். மின்சாரம் கிடைத்ததும் அது மெல்ல மெல்ல மீண்டும் உருவாகும். உறங்கி எழுந்தவரை உடனே ஓடச் சொல்லக்கூடாது என்பதுபோலத்தான் இதுவும்.

இந்த நேரத்தில் எச்சரிக்கைச் செய்திகள் வரிசையாக வரும். அவற்றை உடனே அழிக்கத் தோன்றும், அழிக்கக்கூடாது. முதலில் பதிவுகளைப் பிரதியெடுத்து வைக்க வேண்டும். இருபது செய்திகள் இருந்தால், பெரும்பாலும் காலத்தால் முந்தியதே நோய். மற்றவை அதன் அறிகுறிகள். ஒரு மின்விசிறி நின்றால், வெப்ப எச்சரிக்கை, காற்றோட்ட எச்சரிக்கை, விளக்குத் தடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். விசிறியைச் சரிசெய்தால் எல்லாம் மறையும்.

வெப்பக் காற்றை வெளியேற்றும் குழாயின் விசிறி அணைந்திருந்தாலும் பல இயந்திரங்கள் விளக்கை ஏற்றாது. பழுது புரொஜெக்டரில் இல்லை, கூரையில் இருக்கிறது!

விளக்கைக் கையாள்வது தனிப் பயிற்சி வேண்டும் வேலை. செனான் விளக்கின் உள்ளே வாயு பல மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. எரியாமல் இருக்கும்போதும் அது வெடிக்கக்கூடும். அதனால் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது. அதைப் பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தேவை. லேசர் வகையில் செனான் விளக்கு இல்லை. ஆனால் அந்த ஒளி கண்ணைப் பாதிக்கும். மாணவர்கள் பார்த்துக் கற்கலாம், மூடியைத் திறக்கக்கூடாது.

மூன்று கேள்விகள்

இப்போது இயந்திரம் விழித்திருக்கிறது. படம் வரவில்லை. எங்கே தேடுவது? நல்ல தொழில்நுட்பர் கைக்குக் கிடைத்த பாகத்தையெல்லாம் மாற்றிப் பார்க்கமாட்டார். பாதையைப் பாதியாக வெட்டி வெட்டிக் கேள்வி கேட்பார்.

முதல் கேள்வி: புரொஜெக்டர் தானே உருவாக்கும் சோதனைப் படம் திரையில் தெரிகிறதா?

தெரிந்தால் ஒளி, லென்ஸ், வண்ணச் சில்லுகள் எல்லாம் நலம். டிஎல்பி வகை 2கே புரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒன்றாக மூன்று சில்லுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சுமார் 2.2 மில்லியன் நுண்கண்ணாடிகள், மனித முடியின் தடிமனைவிடச் சிறியவை, சாய்ந்து நிமிர்ந்து படத்தை உருவாக்குகின்றன. 1987ஆம் ஆண்டு டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த தொழில்நுட்பம் இது. சோதனைப் படமே தெரியாவிட்டால், பழுது புரொஜெக்டர் பக்கம் இருக்கிறது.

இரண்டாம் கேள்வி: பூட்டப்படாத முன்னோட்டம் ஏதாவது ஓடுகிறதா?

ஓடினால் சர்வர், ஹார்ட் டிஸ்க், இணைப்புகள் நலம். ஓடாவிட்டால் அங்கே தேட வேண்டும். நீண்டநாள் சுழலாத ஹார்ட் டிஸ்க் செயலிழந்திருக்கலாம். பல சர்வர்களில் ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றவை தாங்கும்படி அமைப்பு இருக்கும். இரண்டு போனால் தரவு போய்விடும்.

மூன்றாம் கேள்வி: பூட்டிய படம் ஓடுகிறதா?

முன்னோட்டம் ஓடி, பூட்டிய படம் மட்டும் மறுத்தால், தேட வேண்டிய இடம் மிகவும் குறுகிவிட்டது. கேடிஎம் இந்த இயந்திரத்துக்கு உரியதா? நேரம் தொடங்கிவிட்டதா, முடிந்துவிட்டதா? கடிகாரம் சரியா? பாதுகாப்பு மூடி முழுமையாக மூடியிருக்கிறதா? தூக்கிச் சுமந்துவந்த இயந்திரத்தில் மூடி சற்று நகர்ந்திருந்தாலும், யாரோ உடைக்கிறார்கள் என்று கருதி அது படத்தை மறுக்கும். மீடியா பிளாக்கும் புரொஜெக்டரும் ஒன்றோடொன்று ‘திருமணம்’ செய்து வைக்கப்பட்டவை. தொழிலில் வழங்கும் சொல்லே அதுதான். பிரித்துச் சேர்த்தால், அதிகாரம் பெற்றவர் மீண்டும் இணைத்து வைக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால்தான், தனிச்சாவி அழிந்துவிட்டதா என்ற கடைசிக் கேள்விக்கு வர வேண்டும். புதிய சாவி கிடைத்தாலும் வேலை முடியாது. இயந்திரத்துக்கு அது புதிய அடையாள அட்டை போன்றது. விநியோகஸ்தருக்குத் தெரிவித்துப் புதிய கேடிஎம் வாங்காவிட்டால், முதல் காட்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதுதான்.

எது திரும்பக் கிடைக்கும்?

இந்தப் பட்டியலில் ஒரு வேறுபாடு ஒளிந்திருக்கிறது. விளக்கு போனால் புதிது வாங்கலாம். விசிறியை மாற்றலாம். 225 கிகாபைட் படம் அழிந்தால், மீண்டும் பிரதியெடுக்கலாம். ஆனால் சில ஆயிரம் பிட் அளவே உள்ள தனிச்சாவிக்கு வேறு பிரதியே கிடையாது. பிரதி இருந்தால் அது ரகசியம் ஆகாது.

அளவில் பெரியது முக்கியமானது என்று நினைக்கிறோம். பழுதுபார்ப்பவர் வேறுமாதிரிக் கேட்கிறார்: இது போனால் திரும்பக் கிடைக்குமா? கிடைக்காததை முதலில் காப்பாற்றுவதே அவர் வேலை. ஆகவே, இயந்திரத்தைக் கிடங்குக்கு அனுப்பும் நாளிலேயே மின்கலத்தின் தேதியைப் பார்த்து, மூடியில் பெரிய எழுத்தில் ஒட்டி, குறிப்பிட்ட இடைவெளியில் மின்சாரம் கொடுக்க ஒருவரைப் பொறுப்பாக்குவதே சரியான பழுதுபார்ப்பு. பழுது ஏற்படும் முன் செய்யும் பழுதுபார்ப்பு அது.

இதே கேள்வியை நீங்கள் உங்கள் பள்ளியிலும் கேட்கலாம். மன்ற அறையில் மாதக்கணக்கில் கிடக்கும் ரோபோ, மண்டபத்தின் ஒலிக்கருவி, பழைய மடிக்கணினி எல்லாவற்றுக்கும் மின்கலம் உண்டு. கசிந்து கெடுக்கும் சாதாரண மின்கலங்களைக் கழற்றி வைப்பது நல்லது. நினைவைக் காக்கும் மின்கலத்தைக் கழற்றினால் அந்த நினைவு போய்விடும். எது எந்த வகை என்று கையேட்டைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஒரு புரொஜெக்டரை எழுப்ப மின்னியல், ஒளியியல், கணினி வலையமைப்பு, மறையாக்கம் என நான்கு துறைகளின் அடிப்படை தேவைப்படுகிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும், மலேசியாவின் தொழிற்கல்லூரிகளிலும் இவற்றைத் தனித்தனியாகக் கற்கிறீர்கள். அவை ஒன்றாகச் சந்திக்கும் இடம் இப்படிப்பட்ட இருட்டு அறைதான். அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அறிந்தவருக்கே வேலை எளிதாகிறது.

சொல் அறிவோம்

டிசிபி: திரையரங்குக்கு அனுப்பப்படும் டிஜிட்டல் படத் தொகுப்பு. படம், ஒலி, துணைத்தலைப்பு எல்லாம் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும்.

கேடிஎம்: பூட்டிய படத்தைத் திறக்கும் சாவிக் கோப்பு. ஓர் இயந்திரத்துக்கும் ஒரு காலவரம்புக்கும் மட்டுமே பொருந்தும்.

மீடியா பிளாக்: படத்தின் பூட்டைத் திறந்து, காட்சியாக மாற்றும் பாதுகாக்கப்பட்ட மின்சுற்றுப் பலகை.

சிஆர்2032: கணினிகளின் சாதாரணக் கடிகாரத்துக்குப் பயன்படும் நாணய வடிவ மின்கலம். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பெயரிலேயே அளவு இருக்கிறது. இது தீர்ந்தால் தேதி மட்டும் மாறும், எளிதில் புதிது போடலாம். தனிச்சாவியைக் காக்கும் மின்கலத்தை இதுபோல நினைத்துக் கழற்றிவிடக்கூடாது.